ஒரு பக்கம் முழுசா ஓடட்டும்

தட்டும் நாடாவும்: வாசகர் கேள்வி பதில்

(பாளையங்கோட்டையில் 1984 முதல் 2006 வரை பாட்டுப் பதிவுக் கடை நடத்திய அக்கா, இசைத்தட்டு, கேசட், சிடி, டிவிடி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறேன் அக்கா. முதலில் வாங்க வேண்டிய பத்து இசைத்தட்டுகளைச் சொல்லுங்களேன்.
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பத்து வேண்டாம் தங்கச்சி. மூன்று வாங்கு. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை கேள். நாலாவது எது என்று உனக்கே தெரிந்துவிடும்.

முதல் தட்டு 'கொஞ்சும் சலங்கை'. 1962-இல் வந்த படம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. "சிங்கார வேலனே தேவா" இருக்கிற தட்டு எந்த அளவில் கிடைத்தாலும் விடாதே. எழுதியவர் கு.மா. பாலசுப்பிரமணியம், பாடியவர் எஸ். ஜானகி, ராகம் ஆபேரி. நாகஸ்வரம் காருக்குறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூர் போகிற வழியில், மண்பானைக்குப் பேர்போன அதே காருக்குறிச்சிதான். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1921-இல் பிறந்து 1964-இல் போய்விட்டார். அந்தக் குறுகிய ஆயுசில் அவர் ஊதியதில் நம் கையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் அப்பா சேரன்மகாதேவியில் ரேடியோ செட் வைத்திருந்தார். இன்றைக்கு சவுண்ட் சர்வீஸ் என்கிறோமே, அதற்கு அப்போது அதுதான் பெயர். இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு தகரப்பெட்டி நிறையத் தட்டு. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலமே போய் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். விடியற்காலை நாலரை மணிக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அடுத்தது கட்டாயம் காருக்குறிச்சியார். எனக்கு எட்டு வயது. தட்டின் விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து அப்பாவிடம் கொடுப்பது என் வேலை. ஊசி உட்கார்ந்ததும் பொரிகடலை வறுபடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்குள்ளிருந்து நாகஸ்வரம் கிளம்பும். ஜானகியம்மா ஸ்வரம் பாடப் பாட அந்தக் குழல் பதில் சொல்லும். போனில் கேட்டால் இரண்டும் ஒரே மெல்லிசான கோடாகத் தெரிகிறது. தட்டில் கேட்கும்போது எது மூச்சு, எது தொண்டை என்று பிரித்துக் கேட்கலாம்.

பந்தலில் யாராவது ஒருத்தர், "பாட்ட மாத்துங்க அண்ணாச்சி, எம்.ஜி.ஆர் பாட்டுப் போடுங்க" என்று வருவார். அப்பா ஊசியை நடுவில் தூக்கவே மாட்டார். "ஒரு பக்கம் முழுசா ஓடட்டும்ல" என்பார். என்னிடம் கேள்வி கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டியதை அவர் அப்போதே சொல்லிவிட்டார். பாட்டைத் தாண்டித் தாண்டிக் கேட்காதீர்கள். ஒரு பக்கத்தில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து அடுக்கியிருக்கிறார்.

இரண்டாவது, 'கப்பலோட்டிய தமிழன்', 1961. பாட்டெல்லாம் பாரதி, இசை ஜி. ராமநாதன். எட்டயபுரமும் ஒட்டப்பிடாரமும் அப்போது நம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தன. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-இல். "தண்ணீர் விட்டோ வளர்த்தோம்" என்று திருச்சி லோகநாதன் பாடுவதை ராத்திரி எட்டு மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு கேள். பகலில் அந்தக் குரலின் அடிக்கனம் பிடிபடாது. "காற்று வெளியிடைக் கண்ணம்மா"வும் அதே படம்தான். பி.பி. ஸ்ரீநிவாஸும் சுசீலாவும்.

மூன்றாவதை நான் சொல்ல மாட்டேன். உன் அம்மாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் எது என்று கேட்டு, அந்த வருஷத்து இளையராஜா தட்டு ஒன்றைத் தேடு. அதை அம்மாவோடு உட்கார்ந்து கேள்.

பிளேயரில் வேகத்துக்கு 78 என்று குறி இருந்தாலும், உடனே பழைய அரக்குத் தட்டை அதில் போட்டுவிடாதே. அந்தத் தட்டின் பள்ளம் அகலம். அதற்குத் தடித்த ஊசி வேண்டும். எல்.பி. என்கிற நீண்டநேரத் தட்டின் ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து புரளும். பாட்டைவிட இரைச்சல்தான் கூட வரும்.

பழைய தட்டு வாங்கும்போது நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், சங்கரன்கோவில்

நடுத்துளையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தாறுமாறாக ஓடியிருந்தால், எத்தனையோ தடவை இருட்டில் துளை தேடிப் போட்ட தட்டு என்று அர்த்தம். பிறகு ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். நல்ல தட்டு கறுப்பாக மின்னும். தேய்ந்த தட்டில் ஒரு சாம்பல் பூத்திருக்கும். அந்தச் சாம்பல் கழுவினாலும் போகாது. கீறலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நகம் தட்டாத கீறல் பெரும்பாலும் பாட்டில் கேட்காது. உறை கிழிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தட்டு வளைந்திருந்தால் வாங்காதீர்கள்.

சினிமாப் பாட்டு இல்லாமல், தொகுப்பாகவே கேட்க வேண்டிய ஒன்றைச் சொல்ல முடியுமா?
– வங்கி ஊழியர், தென்காசி

'ஹவ் டு நேம் இட்?'. இளையராஜா, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்தது. வயலின் வி.எஸ். நரசிம்மன்.

அந்தக் கேசட் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் 60 நிமிட நாடாவில் பதின்மூன்று சினிமாப் பாட்டைப் பதிந்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆட்கள் நோட்டுத்தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். பாட்டே இல்லாத கேசட்டை யார் வாங்குவார்? மத்தியானம் இரண்டு மணி, கடையில் ஆள் இல்லை. நான் எனக்காகத்தான் போட்டேன். வெளியே ஒரு பால்காரர் காலிக் கேனோடு சைக்கிளை நிறுத்தினார். நிழல்கூட இல்லாத இடம். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். முதல் பக்கம் முடிந்து டெக்கின் பொத்தான் 'டக்'கென்று எழும்பும்வரை அசையவில்லை. பிறகு, "இது எந்தப் படம்மா?" என்றார். படம் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "திருப்பிப் போடுங்க" என்றார். அடுத்த பக்கத்தையும் முழுசாகக் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலப் பால் பிந்தித்தான் போயிருக்கும்.

அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு முன்னிசை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் கூடவே ராஜா தன்னுடைய வயலின்களை நடத்திக்கொண்டு போவார். இரண்டும் மோதாது. ஒரே திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பெரியவர்கள் பேசுகிற மாதிரி இருக்கும். அடுத்து வருகிற பாட்டின் பெயரே 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. பாக்கைச் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம். பெயர்களையும் வரிசையாகப் படித்தால்தான் இது புரியும். ஒரு துண்டை மட்டும் யாரோ போனில் அனுப்பிக் கேட்டால் புரியாது.

இரண்டு வருஷம் கழித்து 1988-இல் பாலு மகேந்திராவின் 'வீடு' பார்க்கப் போனேன். பாட்டே இல்லாத படம். பின்னணியில் வயலின் எழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தத் தொகுப்பிலிருந்துதான் எடுத்துப் போட்டிருந்தார்கள். சொக்கலிங்க பாகவதர் அந்தத் தாத்தாவாக, பாதி எழும்பிய வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாரே, அந்த இடம். அர்ச்சனாவுக்கு அந்தப் படத்துக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. தொகுப்பை முதலில் கேளுங்கள். ஒரு வாரம் விட்டுப் படத்தைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

'கல்ட் படம்' என்கிறார்களே, அதற்கு உங்கள் கணக்கில் என்ன அர்த்தம்? வட்டாக வாங்கி வைத்துக்கொள்ள எவற்றைச் சொல்வீர்கள்?
– உதவி இயக்குநராக முயலும் வாசகர், கோவில்பட்டி

என்னிடம் அதற்கு ஒரு நோட்டு இருக்கிறது தம்பி. கடைசி ஏழெட்டு வருஷம் கடையில் விசிடியும் வாடகைக்கு விட்டேன். தேதி, படம், ஆள் என்று மூன்று பத்தி. புதுப்படங்களைப் பார்த்தால் முதல் மாதம் முப்பது பெயர் இருக்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. சில படங்களுக்கு நேர்மாறு. மாதம் ஒரு பெயர், ஆனால் வருஷக் கணக்காக வந்துகொண்டே இருக்கும். அதிலும் அதே நாலு பேர் திரும்பத் திரும்ப வருவார்கள். போகும்போது புதிதாக ஒரு ஆளைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போவார்கள். அதுதான் என் கணக்கில் கல்ட் படம்.

அந்த நோட்டில் அதிகம் திரும்பி வந்தது 'அவள் அப்படித்தான்'. 1978, இயக்கம் ருத்ரய்யா. ஸ்ரீப்ரியா, கமல், ரஜினி மூன்று பேரும் இருந்தும், பலரும் கலரில் எடுக்கிற காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். மஞ்சு என்ற பெண் யாருக்காகவும் தன்னை மாற்றிக்கொள்ளாமல் பேசுவதைத் தமிழ் சினிமாவில் அப்படி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு நர்ஸ் அந்தப் படத்தை ஆறு தடவை எடுத்துப் போனார். ஆறாவது தடவை நான் வாடகை வாங்கவில்லை.

இந்தப் படத்தை விசிடியில் மட்டும் பார்க்காதே. விசிடியில் ஒரு பிரேமுக்கு அகலம் 352 புள்ளி, உயரம் 288 புள்ளி. அவ்வளவுதான். ஒரு வட்டில் 74 நிமிடமோ 80 நிமிடமோதான் அடங்கும் என்பதால் படத்தை இரண்டு மூன்று வட்டாக வெட்டிப் போடுவார்கள். வெயில் காட்சி ஓரளவு தப்பிக்கும். மங்கின வெளிச்சம் வந்தால் சாம்பல் நிறமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். இந்தப் படமோ அந்தச் சாம்பல் நிறத்தில்தான் உயிர் வாழ்கிறது. டிவிடி கிடைக்கிறவரை காத்திரு. 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றார்கள். அந்தப் பெட்டிகள் இன்னும் பழைய கடைகளின் மூலையில் கிடக்கின்றன. குனிந்து தேட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது 'உதிரிப்பூக்கள்', 1979. இது வந்தபோதே பேசப்பட்ட படம். ஆனாலும் சேர்க்கிறேன், ஏனென்றால் இது நம்ம ஊர்க் கடன். நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கதையிலிருந்துதான் இயக்குநர் மகேந்திரன் இந்தப் படத்துக்குப் போனார். நீ முதலில் 'சிற்றன்னை' படி. படித்துவிட்டுப் பார்த்தால், எதை எடுத்தார், எதை விட்டார் என்று ஒரு பாடமே கிடைக்கும். அசோக்குமாரின் ஒளிப்பதிவில் ஆற்றங்கரை. கடைசியில் ஊரே கரையில் நிற்க, விஜயன் தண்ணீரை நோக்கி நடப்பது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவளுக்கு அந்தக் காட்சியில் தண்ணீரின் சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது. அதற்கு மேல் சொன்னால் நீ பார்க்கும்போது கெட்டுவிடும்.

'அந்த நாள்', 1954, எஸ். பாலசந்தர். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். ஒரு கொலை, ஆளுக்கொரு கதை. 'ஆரண்ய காண்டம்', 2011, ஒரே நாளில் நடக்கிற கதை. இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரியில் பார். நடுவில் 57 வருஷம் இருப்பது தெரியாது.

நல்ல பிரதி கையில் வந்தால் வைத்துக்கொள். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இன்றைக்கு ஒரு பிரதிகூட இல்லை. பாட்டுப் புத்தகத்தைப் படித்துத்தான் அந்தப் படத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்கு நல்ல புளூ-ரே வாங்கி வர ஆசை. க்ரைட்டீரியன் வட்டுகள் வாங்கலாமா அக்கா?
– மேலப்பாளையம் வாசகர்

வாங்குங்கள் தம்பி, ஆனால் முதலில் வட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். க்ரைட்டீரியன், உலகப் படங்களை வட்டாக வெளியிடுகிற அமெரிக்க நிறுவனம். அமெரிக்காவில் விற்கிற அதன் புளூ-ரே 'ஏ' மண்டலம். துபாய் 'பி', நம் ஊர் 'சி'. அங்கே வாங்கிய பிளேயரிலும் ஓடாது, இங்கே வாங்கிய பிளேயரிலும் ஓடாது. எல்லா மண்டலத்தையும் படிக்கிற பிளேயராகக் கேட்டு வாங்குங்கள். 4கே வட்டுக்கு இந்த மண்டலத் தொல்லை கிடையாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சத்யஜித் ராயின் அபு மூன்று படங்கள். 'பாதேர் பாஞ்சாலி' 1955, 'அபராஜிதோ' 1956, 'அபுர் சன்சார்' 1959. இந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 1993-இல் லண்டனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்தது. மூன்று படத்தின் மூல நெகட்டிவும் அதில் அகப்பட்டன. கருகிப்போன சுருள்களை யாரும் தூக்கிப் போடவில்லை, அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் காப்பகத்தில் பத்திரமாக வைத்தார்கள். இருபது வருஷம் கழித்து இத்தாலியில் பொலோனா நகரத்து மீட்புக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மொறுமொறுவென்று உடைகிற நிலையில் இருந்த பிலிமுக்கு ஈரம் ஊட்டி, ஒட்டின இடத்தைப் பிரித்து, ஓரத்துளைகளைக் கையாலேயே சரிசெய்து, கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. 'பாதேர் பாஞ்சாலி'யில் ஏறக்குறைய 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதமும் அந்தக் கருகின நெகட்டிவிலிருந்தே எடுத்தார்கள். மூன்றாவது படத்தின் நெகட்டிவ் தேறவில்லை, வேறு நல்ல பிரதிகளிலிருந்து செய்தார்கள். 'பாதேர் பாஞ்சாலி'யில் சிறுமி துர்கா மழையில் நனைகிற காட்சியைப் பார்க்கும்போது, இது நெருப்பில் கிடந்து வந்த பிலிம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாகப் பணம் இருந்தால், உதயசங்கரின் 'கல்பனா' (1948) உள்ள, க்ரைட்டீரியனின் உலக சினிமாத் தொகுப்பின் நாலாவது பெட்டி. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. நம் ஊர் வெளிச்சத்தில் எடுத்ததை நாம் அமெரிக்க வட்டில் வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாளாக மனத்தாங்கல்.

எல்லாமே யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு?
– வாசகர், நாங்குநேரி

கிடைப்பதைக் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் போன மாதம் எனக்கு மனப்பாடமான ஒரு பாட்டை அதில் கேட்டேன், பாடகர் ஜலதோஷம் விட்ட இளைஞர் மாதிரி ஒலித்தார். என் தட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். யூடியூபில் சுருதி அரைக்கட்டை கூட. எங்கேயோ ஒரு டெக் வேகமாக ஓடி, அதை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். கீழே லட்சம் பேர் அதுதான் அந்தப் பாட்டு என்று நம்பி எழுதியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் ஒரு தட்டு இல்லையென்றால் நானும் நம்பியிருப்பேன்.

அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. சிடி பரிசளிக்க விரும்புகிறேன்.
– வாசகி, திசையன்விளை

அந்த வயதுக்காரர் என்றால் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவராக இருப்பார், அதிலும் உங்கள் கடற்கரைப் பக்கம் அது நம் வானொலியைவிடத் தெளிவாகக் கேட்கும். 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரம் தேடிக் கொடுங்கள். தருமியும் இறைவனும் பேசுகிற இடத்தை அவர் வசனத்துக்கு முந்திச் சொல்வார், பாருங்கள். பக்தி உள்ளவர் என்றால் இளையராஜாவின் திருவாசகம், 2005-இல் வந்தது, புடாபெஸ்ட் இசைக்குழுவோடு செய்தது. ஆறே பாட்டுதான். வீட்டில் சிடி பிளேயர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், பரிசைப் பிரித்துவிட்டு அவர் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

2023 வெள்ளத்தில் என் நாற்பது இசைத்தட்டும் இரண்டு பை கேசட்டும் முங்கிவிட்டன. மனம் வராமல் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டேன். இப்போது பிரித்தால் மண்ணும் வெள்ளைப் பூஞ்சையும். இனிப் பிழைக்குமா அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீவைகுண்டம்

பெரும்பகுதி பிழைக்கும் அண்ணாச்சி. நான் அந்த வழியாகத்தான் வந்தேன்.

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. சிந்துபூந்துறையில் என் தம்பி வீட்டுக் கீழ்த்தளத்தில் என்னுடைய ஆறு பெட்டி இருந்தது. மூன்றாம் நாள்தான் உள்ளே போக முடிந்தது. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. அட்டைப்பெட்டி கஞ்சியாகிவிட்டது. தட்டுகள் உறையோடு ஒட்டி ஒரே கல்லாக இருந்தன. நான் முதலில் செய்த தப்பு, இரண்டு தட்டைத் துணியால் துடைத்ததுதான். ஆற்று மண்ணில் மணல் உண்டு. பள்ளத்துக்குள் மணலை வைத்துத் தேய்த்தால் கத்தியால் கீறின மாதிரி. அந்த இரண்டும் போயிற்று.

உங்கள் தட்டில் மண் காய்ந்திருக்கும். உலர வைத்துத் தட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். காய்ச்சி வடித்த நீர் பேட்டரிக் கடையில் கேன் கேனாகக் கிடைக்கும். அகலமான தாம்பாளத்தில் ஊற்றி, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டு, தட்டை ஊறப் போடுங்கள். லேபிளில் தண்ணீர் படாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். மண் தானே நெகிழும். பிறகு குழந்தைத் தலை சீவுகிற மெத்தென்ற பிரஷ், பள்ளம் ஓடுகிற திசையிலேயே, வட்டமாக. மறுபடியும் நல்ல தண்ணீர். காய வைக்க, பாத்திரம் கவிழ்க்கிற கம்பிக்கூடையில் நிறுத்தி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளையும். 78 சுழற்சித் தட்டுகள் இருந்தால் அவற்றை ஊறப் போடவே வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஸ்பிரிட் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

கேசட்டுக்கு முகக்கவசம் கட்டிக்கொண்டு உட்காருங்கள், அந்தப் பூஞ்சை நெஞ்சுக்கு ஆகாது. ஐந்து திருகாணி உள்ள கேசட்டைத் திறப்பது சுலபம். ஒட்டின கேசட் என்றால் விளிம்பில் பிளேடை நுழைத்துப் பிரிக்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும் நாடா அறுபடாமல் ஒன்றாகத் தூக்கி, அதே வடிநீரில் அலசி, நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள். நாடா அகலம் நாலு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட இன்னும் மெல்லிசு, முறுக்கினால் போச்சு. காய்ந்ததும் வேண்டாத ஒரு கேசட்டின் ஓட்டைத் திறந்து, அதற்குள் இந்தச் சக்கரங்களை மாற்றி வையுங்கள். பென்சிலைச் செருகி இந்தக் கோடிக்கு ஒரு தடவை, அந்தக் கோடிக்கு ஒரு தடவை மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு முதல் தடவை ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது தடவை ஓடும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிடுங்கள், பூஞ்சை அடுத்ததற்குத் தாவும்.

சிடி இருந்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். அச்சடித்த பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும். பாட்டு இருக்கிற பூச்சு அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. வீட்டில் எழுதின சிடிக்களை முதலில் பாருங்கள், அவைதான் முதலில் சாகும்.

எனக்கு 214 கேசட் நனைந்தது. 171 பிழைத்தது. நாலு மாதம் ஆயிற்று.

வாசகர்களுக்கு என் கேள்வி ஒன்று

அந்த 171-இல் ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. கடைக்குப் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன கேசட்டாக இருக்க வேண்டும். 90 நிமிட நாடா, சீட்டு தண்ணீரில் போய்விட்டது. கோயில் கொடை ஒன்றில் பதிந்த வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கதை. குடமும் உடுக்கையும் தெளிவாக இருக்கின்றன, ஜால்ரா கொஞ்சம் மங்கல். தலைமை தாங்கிப் பாடுகிறவர் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். "ஆமா" போடுகிறவர் வயதானவர், அவருக்கு இருமல். இரண்டாம் பக்கத்தில் சுமார் இருபதாவது நிமிடத்தில் பாட்டை நிறுத்தி ஒருவர் மைக்கில், பச்சைச் சட்டை போட்ட ஐந்து வயதுப் பையன் காணவில்லை, கீழத்தெரு நாலாவது வீடு என்கிறார். அந்தப் பெண் பாட்டைத் தொடரவில்லை. நாடாவில் மூன்று நிமிடம் வெறும் கூட்டச் சத்தம். பிறகு யாரோ "கெடச்சிட்டான், கெடச்சிட்டான்" என்கிறார்கள், உடுக்கை மறுபடி ஆரம்பிக்கிறது. நாடா முடியும்போது கதை முடியவில்லை.

முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கம் பேச்சு மாதிரி என் காதுக்குப் படுகிறது. 1985-க்கும் 1995-க்கும் நடுவில் இருக்கலாம். அந்தப் பாட்டுக்காரி யார் என்று தெரிந்தவர்கள், அல்லது அந்தப் பச்சைச் சட்டைப் பையனே இதைப் படித்தால், பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். கேசட்டை ஒரு தகர டப்பாவில் அரிசி மூட்டைக்கு மேலே உயரமாக வைத்திருக்கிறேன்.